செவலைக்கு எப்போது ஆபரேஷன்?

எங்கள் பெட்டை நாய்க்குட்டி செவலைக்கு 5 மாதம் முடிந்த சமயத்தில், கருத்தடை ஆபரேஷனை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு கால்நடை மருத்துவர்களிடம் கேட்டோம். ஒருவர், முதல் பருவம் (ரத்தம் கசிந்து இணை சேரத் தயாராகும் காலம்) வருவதற்குள் முடித்துவிடுங்கள், அடுத்த மாதமே அழைத்து வாருங்கள் என்றார். இன்னொருவர், இவள் பெரிய உடம்புக்காரியாக வளர்வாள், ஒரு பருவம் கடந்து எலும்பு முற்றட்டும் என்றார். இருவருமே அனுபவசாலிகள். இருவருமே சொன்னதற்குக் காரணம் காட்டினார்கள். கேட்டுவிட்டு வந்த எங்களுக்குத்தான் குழப்பம் இரட்டிப்பானது.

ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. குட்டிகளை வைத்து வளர்க்க இடமும் இல்லை, நம்பிக் கொடுக்க ஆளும் இல்லை. எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. அதற்கு விடை தேடப் போய்ப் படித்ததையும் விசாரித்ததையும், பிறகு செவலையோடு கடந்து வந்ததையும் இங்கே எழுதுகிறேன். மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக உதவினால் போதும்.

முதலில் புரிந்த விஷயம், அந்த இரண்டு மருத்துவர்களும் ஒரே நாயைப் பார்த்து வெவ்வேறு நோய்களுக்குப் பயந்தார்கள் என்பது. முதலாமவரின் பயம் மடிக்கட்டியும் கருப்பைச் சீழும். இரண்டாமவரின் பயம் மூட்டும் சிறுநீர்ப்பையும்.

மடிக்கட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். பெட்டை நாய்களுக்கு வயதானபின் மடியில் கட்டி வருவது மிகச் சாதாரணம். அந்தக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுக்கட்டியாக இருக்கும். 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின் மூன்று எண்கள் இன்றுவரை எல்லா இடத்திலும் சுற்றி வருகின்றன. முதல் பருவத்துக்கு முன் ஆபரேஷன் செய்தால் ஆபத்து 0.5 சதவீதம், ஒரு பருவத்துக்குப் பின் என்றால் 8 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ கடந்துவிட்டால் 26 சதவீதம். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர், ஒரு பருவம் காத்திருந்தால் நூறு நாய்களில் எட்டுக்குப் புற்றுநோய் வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எண்கள் சொல்வது அதுவல்ல. ஆபரேஷனே செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தை 100 என்று வைத்தால், ஒரு பருவத்துக்குப் பின் செய்த நாய்க்கு அது 8. ஒரு பேச்சுக்கு, ஆபரேஷன் செய்யாத நாய்களில் நூறில் பத்துக்குக் கட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பருவம் காத்திருந்து செய்த நாய்களில் அது நூறில் ஒன்றுக்கும் கீழே. இரண்டு மூன்று பருவம் கடந்தவற்றில் நூறில் மூன்றுக்கும் கீழே. முதல் பருவத்துக்கு முன் செய்வதுதான் இந்த நோய்க்கு மிகவும் நல்லது என்பது மாறவில்லை. ஆனால் ஒரு பருவம் காத்திருப்பது நாயைக் கொண்டுபோய்ப் புற்றுநோயின் வாயில் தள்ளுவது ஆகாது.

அந்த மூன்று எண்களையே கல்வெட்டாக நினைக்கவும் கூடாது. இந்த விஷயத்தில் வெளியான ஆய்வுகளை எல்லாம் 2012இல் லண்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் சேர்த்து வைத்துச் சலித்துப் பார்த்தார்கள். சான்றுகள் பலவீனமாக இருக்கின்றன, இவற்றை மட்டும் வைத்து உறுதியான பரிந்துரை செய்ய முடியாது என்பது அவர்கள் முடிவு. முன்கூட்டியே ஆபரேஷன் செய்வதால் மடிக்குப் பாதுகாப்பு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தப் பாதுகாப்பின் அளவைத் துல்லியமாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்கிறார்கள். அதன் பிறகு, அந்த எண்களைத் தசமப் புள்ளியோடு ஒப்பித்து யாராவது எங்களை அவசரப்படுத்தினால் புன்னகையோடு தலையாட்டக் கற்றுக்கொண்டோம்.

அடுத்தது எலும்பு. குட்டியின் நீண்ட எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தகடுகள் இருக்கின்றன. பருவமடையும்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் அவற்றை மூடச் சொல்லிச் சைகை கொடுக்கின்றன. அந்த ஹார்மோன்களைச் சுரக்கும் சூலகங்களை (முட்டைப்பைகளை) ஆபரேஷனில் முன்கூட்டியே எடுத்துவிட்டால் தகடுகள் மூடுவது தாமதமாகி, கால்கள் இருக்க வேண்டியதைவிடச் சற்று நீளும். சிறிய நாய்க்கு இதனால் ஒன்றும் குடி முழுகுவதில்லை. பெரிய நாய்க்கு இடுப்பு மூட்டிலும் முழங்கால் ஜவ்விலும் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2013இல் கோல்டன் ரெட்ரீவர்களில் தொடங்கி, 2020இல் 35 இனங்கள் வரை தங்கள் மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 2016இல் வெளியிட்ட ஜெர்மன் ஷெப்பர்ட் ஆய்வில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த பெட்டைகளில் 16 சதவீதத்துக்கு மூட்டுக் கோளாறு இருந்தது. செய்யாதவற்றில் அது 5 சதவீதம். சிறிய இனங்களில் இந்த வித்தியாசமே தென்படவில்லை.

செவலை எந்த இனமும் இல்லை. நல்ல கலப்பு. அதனால் எங்களுக்கு உதவியது அதே குழு கலப்பின நாய்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்த்த இன்னோர் ஆய்வு. வளர்ந்த எடை 20 கிலோவைத் தாண்டும் நாய்களுக்கு ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டு ஆபத்து கூடுகிறது, அதற்குக் கீழே உள்ளவற்றுக்குக் கூடவில்லை என்பது சாரம். குட்டி எவ்வளவு வளரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடுத்தர, பெரிய நாய்கள் 4-5 மாதத்தில் வளர்ந்த எடையில் ஏறக்குறைய பாதியை எட்டிவிடும். செவலை அப்போதே 13 கிலோ இருந்தாள். மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிறுநீர்ப்பை விஷயத்தைப் பற்றி யாரும் முதலில் பேசுவதில்லை. ஆபரேஷன் செய்த பெட்டைகளில் ஒரு பகுதிக்கு, பல வருடங்கள் கழித்துக்கூட, தூக்கத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் கசியத் தொடங்கும். சிறுநீர்க் குழாயை இறுக்கி வைத்திருக்கும் தசையின் பிடி ஹார்மோன் இல்லாமல் தளர்வதுதான் காரணம். எடை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. பாக்ஸர் போன்ற சில இனங்களில் மிகவும் அதிகம். பெரிய நாய்களில் முன்கூட்டியே செய்வது ஆபத்தை மேலும் ஏற்றுகிறது. மாத்திரையால் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடலாம், உயிருக்கு ஆபத்தான நோயும் அல்ல. ஆனாலும் வாழ்நாள் முழுக்க மாத்திரை, துவைத்து மாளாத படுக்கை விரிப்பு என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. நாயை வெளியே விரட்டிவிடும் வீடுகளும் இருக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பார்த்தால், காத்திருப்பதே நல்லது, முடிந்தால் செய்யாமலே விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றும். அங்கேதான் கருப்பைச் சீழ் குறுக்கே வருகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பெரியம்மா வீட்டில் எட்டு வயதுப் பெட்டை ஒன்று இருந்தது. ஆபரேஷன் செய்யவில்லை. வாயில்லா ஜீவனை எதற்கு அறுக்க வேண்டும் என்பார் பெரியம்மா. ஒரு பருவம் முடிந்து சில வாரம் கழித்து அது ஓயாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. உணவைத் தொடவில்லை. வயசாகிவிட்டது, வெயில் காலம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயிறு உப்பிய பிறகுதான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேனில் கருப்பை முழுக்கச் சீழ். கருப்பை வாய் மூடியிருந்ததால் வெளியே ஒரு சொட்டுக்கூட வரவில்லை. சீழ் வெளியே வருவது தெரிந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும். இப்படி மூடிக்கொள்வதுதான் இரண்டில் ஆபத்தானது. அன்று இரவே கருப்பையை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. ஆரோக்கியமான இளம் நாய்க்கு அமைதியாகச் செய்திருக்க வேண்டிய அதே ஆபரேஷனை, காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் கொண்ட வயதான நாய்க்கு நள்ளிரவில் செய்ய வேண்டி வந்தது.

இது அபூர்வமான நோய் என்றால் ஒதுக்கிவிடலாம். ஸ்வீடனில் நாய்களுக்குக் காப்பீடு எடுப்பது பரவலான வழக்கம் என்பதாலும், ஆரோக்கியமான நாய்க்குக் கருத்தடை செய்வது அங்கே நீண்டகாலம் வழக்கத்தில் இல்லாததாலும், இந்த நோயின் கணக்கு அங்கிருந்து தெளிவாகக் கிடைக்கிறது. 10 வயதுக்குள் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரையிலான பெட்டைகளுக்கு வந்துவிடுகிறது. நாய்க்கு மாதவிடாய் நிற்பது என்ற ஒன்று கிடையாது. வயதானாலும் பருவம் வந்துகொண்டுதான் இருக்கும். சினைப்பட்டாலும் படாவிட்டாலும், ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற சினைக்கால ஹார்மோன் உயர்ந்தே நிற்கிறது. கருப்பையின் உள்சுவர் ஒவ்வொரு முறையும் தடித்து, கடைசியில் கிருமிகளுக்கு நல்ல விளைநிலமாகிவிடுகிறது. எனவே காத்திருப்பதற்கு ஒரு முடிவுத் தேதி இருக்க வேண்டும். பெரிய நாய் என்ற காரணத்துக்காக ஒரு பருவம் தள்ளுவது வேறு. பாவம் என்று பத்து வருடம் தள்ளுவது வேறு.

மருத்துவக் கணக்கு இவ்வளவுதான். இனி வீட்டுக் கணக்கு. என் பார்வையில் இதுதான் கூடுதலாக முடிவு செய்கிறது.

அண்ணன் வீட்டில் ஒரு பொமரேனியன் பெட்டை. கூடவே ஆபரேஷன் செய்யாத ஆண் நாய் ஒன்றும் உண்டு. பகலில் வீட்டில் ஆள் இல்லை. அந்த நாய்க்கு 6 மாதத்தில், முதல் பருவத்துக்கு முன்பே செய்தார்கள். அது முற்றிலும் சரி. அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் இதையே சொல்கிறது. வளர்ந்தபின் 20 கிலோவுக்குக் கீழே நிற்கும் பெட்டைகளுக்கு முதல் பருவத்துக்கு முன், 5-6 மாதத்தில் செய்யலாம். பெரியவற்றுக்கு 5 முதல் 15 மாதம் வரை என்று அகலமாக விட்டு, நோயையும் வாழ்க்கை முறையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும் என்கிறது. சிறிய நாய்க்கு மூட்டுக் காரணம் பொருந்தாது. வீட்டிலேயே ஆண் நாய் இருக்கும்போது, அது உடன்பிறந்ததாகவே இருந்தாலும், உறவுமுறை பார்த்து ஒதுங்கிப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அண்ணன் என்னிடம், "நீ காத்திருக்கிறாய் என்றால் நானும் காத்திருக்க வேண்டியிருந்ததா?" என்று கேட்டார். இல்லை அண்ணா, உன் நாயும் வேறு, உன் வீடும் வேறு என்றேன்.

எங்கள் வீட்டில் பகலில் எப்போதும் ஒருவர் இருப்பார். சுற்றுச்சுவர் உண்டு. வேறு நாய் இல்லை. மூன்று நான்கு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். முடியும் என்று பட்டது. அதனால் ஒரு பருவம் கடக்கட்டும், அது முடிந்த மூன்றாம் மாதம் ஆபரேஷன் என்று தீர்மானித்தோம். அந்தக் கேள்விக்கு நேர்மையாக 'முடியாது' என்ற பதில் வந்தால், நாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முன்பே செய்துவிடுவதுதான் நல்லது. வேண்டாத ஈற்று ஒன்றோடு ஒப்பிட்டால் மூட்டு ஆபத்து சிறியது.

இடையில் பெரியம்மா ஒரு யோசனை சொன்னார். ஒரு ஈற்றாவது போடட்டும், தாய்மை பார்த்தால்தான் பெட்டை நாய் அடங்கும், உடம்புக்கும் நல்லது. இதை எத்தனையோ பேர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. முதல் ஈற்று சிக்கலாகி சிசேரியனில் முடிவதும் உண்டு. அடங்குவது என்பதும் அப்படியே. ஆபரேஷனே கூட நாயை அடக்காது. பருவ காலத்து அலைச்சலும் ஓட்டமும் நிற்கும், அவ்வளவுதான். குரைப்பதும் செருப்பைக் கடிப்பதும் பயிற்சியால் மாற வேண்டியவை. இயல்பிலேயே பயந்த சுபாவமுள்ள பெட்டைகளுக்கு மிக இளம் வயதில் செய்தால் பயம் கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. செவலை பிரஷர் குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கடியில் போகிறவள். காத்திருக்க அதுவும் ஒரு காரணமாக இருந்தது. அவளுடைய பிறப்புறுப்பு இன்னும் குட்டித்தனமாக உள்வாங்கியிருந்ததையும் இரண்டாவது மருத்துவர் காட்டினார். அப்படி மடிப்புக்குள் இருந்தால் அங்கே ஈரம் தங்கிப் புண்ணாகும். ஒரு பருவம் கடந்தால் பல நாய்களுக்கு அது தானாகச் சரியாகிவிடும்.

பருவம் எப்போது வரும் என்று காத்திருப்பது தனிக் கலை. பெரும்பாலான பெட்டைகளுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் வந்துவிடும். மிகப் பெரிய இனங்களுக்கு ஒன்றரை, இரண்டு வயதுகூட ஆகலாம். செவலைக்குப் பத்தாம் மாதம் வந்தது. முதல் அடையாளம் ரத்தம் அல்ல. சில நாட்களாகவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழித்தாள், தன்னை நக்கிக்கொண்டே இருந்தாள். பிறப்புறுப்பு வீங்கிய பிறகுதான் தரையில் சொட்டு. சில நாய்கள் எல்லாவற்றையும் நக்கித் துடைத்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. வெள்ளைத் துணியால் காலையில் ஒருமுறை ஒற்றிப் பார்ப்பது நல்ல வழி. பார்த்த தேதியை நாட்காட்டியில் எழுதிவிட வேண்டும். ஆபரேஷன் தேதி அதிலிருந்துதான் கணக்கிடப்படும்.

பலர் ஏமாறும் இடம் இரண்டாவது வாரம். முதல் 9 நாள் அளவுக்கு ரத்தம் சிவப்பாக இருக்கும், அப்போது ஆண் நாய்களைக் கிட்டே விடமாட்டாள். பிறகு ரத்தம் வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வரும், சில நேரம் நின்றே போகும். அப்பாடா முடிந்தது என்று சங்கிலியைக் கழற்றிவிடுகிறார்கள். உண்மையில் சினைப்படும் நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. அடுத்த 9 நாள் அளவுக்கு வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு அவளே தேடிப் போவாள். இந்த நாட்கள் எல்லா நாய்க்கும் ஒன்றுபோல் இருக்காது. நாலைந்து நாளில் முடிவதும் உண்டு, மூன்று வாரம் நீள்வதும் உண்டு. ரத்தம் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம் காவல் என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. ஆண் நாயின் விந்து உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும். ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன்மார் இருக்கவும் முடியும்.

நாங்கள் செய்தது எளிது. நடை நேரத்தை விடியற்காலைக்கும் பின்னிரவுக்கும் மாற்றினோம். கழுத்துப்பட்டை கழன்றுவிடும் என்பதால் மார்போடு மாட்டும் பட்டை, கையில் இரட்டைப் பிடி. சுற்றுச்சுவருக்குள்ளும் தனியாக விடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றபடியே நாய்கள் இணை சேர்ந்துவிடும் என்பது கேலிப் பேச்சு அல்ல. பருவ காலத்து உள்ளாடை என்று விற்பது தரையைக் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றாது. எங்கள் வாசலில் முன்பின் பார்த்திராத ஆண் நாய்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன, இரவெல்லாம் ஊளை. அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தார்கள். ஒரு பருவத்துக்கே இப்படி என்றால், வருடத்துக்கு இரண்டு முறை காலம் முழுக்க இதைச் சமாளிப்பவர்களின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

எச்சரிக்கையை மீறி இணை சேர்ந்துவிட்டால் இழுத்துப் பிரிக்கக் கூடாது. பூட்டிக்கொண்ட நிலையில் பத்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை நிற்பார்கள். பிய்த்தால் இரண்டுக்கும் காயம். தானாக விலகிய பின் தாமதிக்காமல் மருத்துவரிடம் போனால், சினையைக் கலைக்கும் ஊசி, சினையோடு சேர்த்தே ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன. சினைக்காலம் 63 நாள்தான். எதை முடிவு செய்தாலும் சீக்கிரம் செய்வது நல்லது.

பருவம் முடிந்த மறுவாரமே ஆபரேஷன் செய்துவிடலாமே என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். பருவ சமயத்தில் கருப்பைக்கும் சூலகத்துக்கும் ரத்த ஓட்டம் மிகுந்து நாளங்கள் புடைத்திருக்கும், கத்தி வைத்தால் ரத்தப்போக்குக்கு வாய்ப்பு கூடுதல். முடிந்த பிறகான இரண்டு மாதமும் புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருக்கும் காலம். அந்த நேரத்தில் சூலகத்தை எடுத்தால் அது சட்டென்று விழுந்து, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் எகிறி, சினையில்லாமலே சினைபோல் நடந்துகொள்ளும் பொய்ச்சினை தொற்றிக்கொள்ளும். சில நாய்களுக்கு அது மாதக்கணக்கில் நீடிக்கும். அதனால்தான் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் என்ற இடைவெளியைச் சொல்கிறார்கள்.

செவலைக்கு ஆபரேஷன் செய்யாமலே பொய்ச்சினை வந்தது. பருவம் முடிந்து இரண்டு மாதம் ஆனபோது பழைய துணிகளை இழுத்து மூலையில் கூடு கட்டினாள். ஒரு ரப்பர் வாத்தைக் குட்டியாக வரித்துக்கொண்டு, யாராவது கிட்டே போனால் உறுமினாள். காம்புகள் தடித்துப் பால் கட்டியது. இது நோய் அல்ல, பெட்டை நாயின் உடம்பில் இயல்பாகவே நிகழ்வது. பாலைப் பிழிந்துவிடக் கூடாது, பிழிந்தால் மேலும் சுரக்கும். வாத்தை மெல்ல அப்புறப்படுத்தி, நடையைக் கூட்டினோம். மருத்துவர் தேதியைத் தள்ளி வைத்தார். மடி வற்றிச் சில வாரம் ஆன பிறகே நாள் குறித்தார். இதற்காக அவசரப்படாமல் இருந்த அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. தேதி கொடுக்கும் முன் மடியைத் தடவிப் பார்க்காத மருத்துவரிடம், பாருங்கள் என்று நாமாகச் சொல்லிவிடலாம்.

ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். இதைச் செலவு என்று தவிர்ப்பவர்கள் உண்டு. உண்ணிக் காய்ச்சல் கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் இருக்கும்போது ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும். அந்த நிலையில் வெட்டினால் ரத்தம் உறைய மறுக்கும். உண்ணி உள்ள இடத்தில் வளரும் நாய்க்கு இந்தப் பரிசோதனையை விடவே கூடாது. கருப்பை, சூலகம் இரண்டையும் எடுப்பீர்களா, சூலகம் மட்டுமா என்றும் கேட்டோம். இரண்டு முறையும் ஏற்கப்பட்டவைதான். இளம் நாயில் கருப்பை நலமாக இருந்தால் சூலகத்தை மட்டும் எடுத்தாலும் போதும், கருப்பைச் சீழுக்குத் தேவையான ஹார்மோன் நின்றுவிடும். சூலகத்தில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால்தான் தொல்லை. மறுபடியும் பருவ அறிகுறி வரும். எனவே ஆபரேஷன் செய்த நாய்க்குப் பருவம் வந்ததுபோல் தெரிந்தால் பிரமை என்று தள்ளாமல் காட்ட வேண்டும். மயக்கத்தின்போது யார் கண்காணிப்பார்கள், வலிக்கு என்ன கொடுப்பீர்கள், இரவில் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது என்ற மூன்றையும் கேட்டோம். இவற்றுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு போனாள், மாலையில் தள்ளாடிக்கொண்டு வந்தாள். அன்றிரவு முனகலும் நடுக்கமும் இருந்தன. மயக்க மருந்து இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கதகதப்பாகப் போர்த்தி, கீழே படுக்க வைத்தோம். கொடுத்தனுப்பிய வலி மருந்தைத் தவிர வேறு எதையும் கொடுக்கவில்லை. மனிதர்களுக்கான ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈறு வெளிறுவது, வயிறு உப்புவது, தையலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருப்பது, மறுநாளும் எழாமல் கிடப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளையாக ஒன்றும் வரவில்லை.

உண்மையான சோதனை மூன்றாம் நாள் தொடங்குகிறது. நாய்க்கு வலி தீர்ந்துவிடும், தையல் ஆறியிருக்காது. தோல் கூடுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே தசைச்சுவர் கூட 10 முதல் 14 நாள் வேண்டும். அதுவரை ஓட்டம் இல்லை, மாடிப்படி இல்லை, சோபாவில் தாவுவது இல்லை, குளியல் இல்லை. கூம்புக் காலரை அவள் வெறுத்தாள். கதவு நிலையிலெல்லாம் இடித்துக்கொண்டு எங்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்த்தாள். பாவம் பார்த்துக் கழற்றிவிட்ட வீடுகளில் ஒரே இரவில் தையலை நக்கிப் பிரித்த கதைகள் நிறைய உண்டு. பழைய டி-ஷர்ட்டைப் பின்காலுக்கு மேல் முடிந்துவிடுவதும் சில நாய்களுக்கு வேலை செய்யும், துணியையே கடித்துக் கிழிக்கும் ரகமாக இல்லாவிட்டால். உடம்பை ஓய்வாக வைத்து மூளைக்கு வேலை கொடுப்பதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. உணவை டவலுக்குள் சுருட்டி வைத்து மோந்து தேட விட்டால் நெடுநேரம் அமைதியாக இருப்பாள்.

பிறகு எடை. ஆபரேஷன் செய்தால் நாய் குண்டாகிவிடும் என்பது பாதிதான் உண்மை. சூலகம் போனபின் உடம்புக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவையே போட்டால் ஏறத்தான் செய்யும். தையல் பிரித்த வாரத்திலிருந்தே அளவைக் குறைத்து, மாதம் ஒருமுறை எடை பார்த்தோம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். காத்திருந்து காப்பாற்றிய மூட்டுகள்மேல் கூடுதல் கிலோக்களை ஏற்றினால் காத்திருந்ததே வீண். எடை கூடினால் சிறுநீர்க் கசிவுக்கும் வாய்ப்பு கூடும். செவலைக்கு இதுவரை கசிவு இல்லை. வந்தால் வயசு என்று விடாமல், முதலில் சிறுநீரைப் பரிசோதித்துக் கிருமித்தொற்று இல்லை என்று உறுதி செய்துவிட்டு மருந்து தொடங்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறோம்.

பெரியம்மா வீட்டில் இப்போது வேறொரு பெட்டை இருக்கிறது, நான்கு வயது, ஆபரேஷன் ஆகவில்லை. இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு செய்வதில் பயன் உண்டா என்று கேட்டார். மடிக்கட்டி விஷயத்தில் பெரிய பயனை எதிர்பார்க்க முடியாது, முதல் இரண்டு மூன்று பருவத்தோடு அந்தக் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. அதனால் மாதம் ஒருமுறை காம்பு காம்பாகத் தடவி, பட்டாணி அளவில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். கருப்பைச் சீழ் விஷயத்தில் பயன் முழுமையாக இருக்கிறது, எந்த வயதிலும் இருக்கும். எலும்பு முற்றி எப்போதோ ஆயிற்று, காத்திருக்க அந்தக் காரணமும் இல்லை. போன மாதம்தான் அதற்குப் பருவம் முடிந்தது. எனவே இன்னும் இரண்டு மாதம் கழித்து நாள் குறித்திருக்கிறார்கள். பருவம் முடிந்த நான்காம் வாரத்திலிருந்து நான்கு மாதம் வரைதான் சீழுக்கு வாய்ப்பான காலம் என்பதால், அதுவரை பெரியம்மா காலையில் கிண்ணத்தில் தண்ணீரை அளந்து ஊற்றி இரவில் மிச்சத்தை அளக்கிறார். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அன்றே ஸ்கேன் என்பது மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாடு.